மை வைக்கும் முன்பே கறுத்த விரல்

"மை வெக்கிறதுக்கு முந்தியே அந்தம்மா கை கறுத்துத்தாங்க இருந்துச்சு" என்று கூண்டில் நின்ற சாட்சி சொன்னதும் நீதிமன்றத்தில் சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பை வரவழைத்தவன் நான். சாட்சி ஒரு பத்திர எழுத்தர், அறுபதைத் தாண்டியவர், கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்லத் தெரியாதவர். அன்று அவர் சொன்னவற்றிலேயே முழு உண்மை அந்த ஒரு வாக்கியம்தான் என்பது எனக்குப் புரிய ஏறக்குறைய மூன்று ஆண்டுகள் ஆயின.

வழக்கு எங்கள் தேனிப் பக்கத்தில் வாரத்துக்கு ஒன்றாவது வரும் வகைதான். ஒரு ஏக்கர் இருபது சென்ட் தென்னந்தோப்பு, ஒரு ஓட்டு வீடு. இரண்டும் 2006இல் ஓர் அம்மாள் தன் பெயரில் கிரயம் வாங்கியவை. எழுதப் படிக்கத் தெரியாதவர். கிரயப் பத்திரத்தில் இடது பெருவிரல் ரேகைதான். கணவர் முன்பே போய்விட்டார். மகன் திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர், மகள் உள்ளூரில் வாழ்க்கைப்பட்டு வீட்டிலேயே தையல். 2014 ஜனவரியில் அந்த அம்மாளுக்குப் பெருங்குடலில் புற்றுநோய் என்று தெரிந்தது. தெரிந்தபோதே கல்லீரலுக்குப் பரவியிருந்தது, அதாவது நான்காம் நிலை. பிப்ரவரியில் கீமோ தொடங்கியது. ஜூலை 18 அன்று தோப்பையும் வீட்டையும் மகள் பெயருக்குச் செட்டில்மெண்ட் எழுதிப் பதிவு செய்தார். 2015 நவம்பரில் காலமானார். காரியமெல்லாம் முடிந்து, பட்டா மாற்றலாமென்று வில்லங்கம் போட்டுப் பார்த்தபோதுதான் மகனுக்கு அப்படி ஒரு பத்திரம் இருப்பதே தெரிந்தது.

2016 தொடக்கத்தில் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். அவரைச் சொத்தாசை பிடித்தவர் என்று வாசகர்கள் நினைத்துவிடக் கூடாது. தாயின் வைத்தியத்துக்கு மாதம் தவறாமல் ஐயாயிரம் அனுப்பியவர், சில மாதம் கம்பெனியில் முன்பணம் வாங்கி அனுப்பியவர். "சொத்து போனது போகட்டும் சார். எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லாம எங்கம்மா இதைச் செஞ்சிருக்க மாட்டாங்க. அதைத்தான் என்னால ஏத்துக்க முடியல" என்றார். அவர் உண்மையாகவே அப்படி நம்பினார். பத்திரம் இல்லையென்றால் 1956ஆம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15ஆம் பிரிவுப்படி மகனும் மகளும் சரிபாதி. ஆகவே பாகப்பிரிவினை கேட்டும், செட்டில்மெண்ட் செல்லாது என்று அறிவிக்கக் கேட்டும் பிராது தாக்கல் செய்தேன். தீர்ப்பு வரும்வரை சொத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ கூடாது என்று ஓர் இடைக்காலத் தடையும் வாங்கினேன். இப்படிப்பட்ட வழக்கில் எந்த வழக்கறிஞரும் அதைக் கேட்பார், எந்த நீதிமன்றமும் பெரும்பாலும் கொடுக்கும். அந்தத் தடை என்ன செய்தது என்பதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு செட்டில்மெண்டை உடைக்க மூன்று வழிகள் உண்டு. கைநாட்டு அவருடையது அல்ல என்று காட்டலாம். வைத்தபோது மனம் தெளிவாக இல்லை என்று காட்டலாம். அல்லது, மனமும் கையும் அவருடையவைதாம், ஆனால் இன்னொருவர் பிடிக்குள் இருந்தார் என்று காட்டலாம். நான் மூன்றையும் பிராதில் எழுதினேன். மனம் தெளிவில்லை என்பதில் எனக்கே பெரிய நம்பிக்கை கிடையாது. ஒப்பந்தச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, எழுதிக்கொடுக்கும் அந்த நேரத்தில் செய்வது இன்னதென்று விளங்கிக்கொண்டு, தன் நலனுக்கு அதனால் என்ன ஆகும் என்று எடைபோட முடிந்தால் போதும் என்கிறது. நோயாளி என்பதால் மட்டும் ஒருவர் புத்தி தெளிவற்றவர் ஆகிவிடமாட்டார். எனவே என் பலமெல்லாம் கைநாட்டிலும் பிடியிலும் இருந்தது.

கைநாட்டின் மீது நம் சட்டத்துக்கு இருக்கும் நம்பிக்கை பழையது. 1858இல் வங்காளத்தில் வில்லியம் ஹெர்ஷல் என்ற வெள்ளைக்கார அதிகாரி, சாலைக்குக் கல் கொண்டுவரும் ஒப்பந்தக்காரர் ஒருவரின் உள்ளங்கையை ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பதிக்க வைத்தார். உலகின் முதல் விரல்ரேகைப் பணியகம் 1897இல் கல்கத்தாவில்தான் வந்தது. ரேகைகளை வகைப்படுத்தும் முறையை அங்கே வகுத்ததில் அசிசுல் ஹக், ஹேம் சந்திர போஸ் என்ற இரண்டு இந்தியர்களின் உழைப்பு பெரிது. பிறகு 2001இல் பதிவுச் சட்டத்தில் 32அ என்று ஒரு பிரிவு சேர்ந்து, கையெழுத்துப் போடத் தெரிந்தவர்களும் நிழற்படத்தோடு விரல்ரேகையும் வைக்க வேண்டும் என்றானது. இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரே எண்ணம்: முகம் மாறும், குரல் மாறும், கையெழுத்து நடுங்கும், பிறந்தபோது இருந்த ரேகை சாகும்வரை மாறாது. முப்பது வருடத் தொழிலில் நானும் இதைக் கேள்வி கேட்டதில்லை.

ஒப்பிட்டுப் பார்க்க நிபுணருக்கு அனுப்பக் கோரி மனுப் போட்டேன். மூன்று ரேகைகள் போயின. முதலாவது 2006 கிரயப் பத்திரத்தில் உள்ளது. இரண்டாவது, வழக்குக்குரிய 2014 செட்டில்மெண்டிலும் சார்பதிவாளர் அலுவலகத்துப் பதிவேட்டிலும் உள்ளது. மூன்றாவது, 2015 ஜனவரியில் மருத்துவமனையில் ஒரு சிறு சிகிச்சைக்குச் சம்மதம் தெரிவித்து அவர் வைத்தது. அதை நான்தான் மருத்துவமனையிலிருந்து வரவழைத்தேன். அறிக்கை வந்தது: முதலாவதும் மூன்றாவதும் தெளிவானவை, ஒருவருடையவையே. நடுவில் உள்ளதில் ஒப்பிடும் அளவுக்கு ரேகை விவரங்கள் இல்லை.

பத்திரத்தின் அந்தப் பக்கத்தை எடுத்து வைத்துப் பார்த்தேன். முட்டை வடிவத்தில் ஒரு கறை. ஓரத்தில் இரண்டு மூன்று கோடுகள் இருப்பதுபோல் தெரியும், பூதக்கண்ணாடி வைத்தால் அவையும் தோலின் வெடிப்புகள் என்று தெரியும். நடுவில் சுழி இல்லை, வளையம் இல்லை. மழமழவென்று ஏதோ ஒன்று மையில் தோய்ந்து காகிதத்தில் அழுந்தியிருக்கிறது. நிபுணர் "அவருடையது அல்ல" என்று சொல்லவில்லை என்பது எனக்கு நன்றாகத் தெரியும். "சொல்ல முடியாது" என்பதும் "இல்லை" என்பதும் சட்டத்தில் ஒன்றல்ல. அந்த இடைவெளியை அடைக்க நான் ஒரு வாதம் கட்டினேன். எட்டு வருடங்களுக்கு முன் ரேகை தெளிவாக இருக்கிறது. ஆறு மாதங்களுக்குப் பின்னும், அதே நோயோடு, இன்னும் மெலிந்த நிலையில், தெளிவாக இருக்கிறது. முன்னும் இருந்து பின்னும் இருந்த ரேகை நடுவில் ஒரே ஒரு நாள், சொத்து கைமாறிய அந்த நாளில் மட்டும், எப்படிக் காணாமல் போகும்? வயதால் தேய்ந்தது என்றால் திரும்பி வந்திருக்காது. வேலையால் தேய்ந்தது என்றால் படுக்கையில் இருந்தவருக்கு என்ன வேலை? ஆகவே அது வேறு யாருடைய விரலோ, அல்லது ரேகை தெரியாதபடி வேண்டுமென்றே தேய்த்து வைத்ததோதான். என் தொழில்வாழ்வில் நான் கட்டிய வாதங்களில் இவ்வளவு இறுக்கமானவை குறைவு. இன்றும் அதில் தர்க்கப் பிழை என்று ஒன்றைச் சுட்டிக்காட்ட முடியாது. தெரியாத ஒரு செய்தி வெளியே இருந்தது, அவ்வளவுதான்.

செட்டில்மெண்ட் என்பது தானம் போன்றது. எழுதிக்கொடுத்ததையே ஒருவர் மறுத்தால், சாட்சிக் கையெழுத்துப் போட்ட இருவரில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டும். ஒருவர் இறந்துபோயிருந்தார். மற்றவர்தான் அந்தப் பத்திர எழுத்தர். அவரிடம் நான் கேட்டவை சின்னச் சின்னக் கேள்விகள். மை யார் தடவியது? விரலை அந்தம்மாளே வைத்தாரா, யாராவது பிடித்து வைத்தார்களா? "மகதாங்க மணிக்கட்டைப் பிடிச்சிருந்துச்சு." வைத்த பிறகு மையை எதில் துடைத்தார்? கைநாட்டு வைப்பவர்கள் விரலைத் தலைமுடியில் தேய்த்துக்கொண்டு போவதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். "இல்லீங்க, மக தன்னோட முந்தானையில ஒத்தி ஒத்தி எடுத்துச்சு." விரல் எப்படி இருந்தது என்று கேட்டபோதுதான் அவர், மை வைக்கும் முன்பே கை கறுத்திருந்தது என்றார். "அப்படியானால் யாரோ ஏற்கெனவே மை தடவி ஒத்திகை பார்த்திருந்தார்கள், அப்படித்தானே?" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். பெரியவர் திரும்பத் திரும்ப "இல்லீங்கய்யா, கறுப்புங்க, கறுப்பு" என்றார். அதற்கு மேல் விளக்க அவருக்கு வார்த்தை இல்லை.

மகள் கூண்டேறிய நாள் எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. குறுக்கு விசாரணையில் பொய் சொல்பவரைவிட உண்மை சொல்பவரை மடக்குவது எளிது. பொய் சொல்பவருக்கு என் கேள்வி எங்கே போகிறது என்ற எச்சரிக்கை இருக்கும். உண்மை சொல்பவர் அதைப் பற்றிக் கவலைப்படுவதில்லை. "உங்கள் அம்மா தானாக முகம் கழுவக்கூட முடியாத நிலையில் இருந்தாரா?" "ஆமாங்க. ட்ரிப்ஸ் ஏத்திட்டு வந்தா பச்சைத் தண்ணியத் தொட முடியாது. விரல் நுனியில கரண்ட் அடிக்குதும்பாங்க. வெந்நி வெச்சு நான்தான் துடைச்சு விடுவேன்." "சாப்பாடு?" "ஊட்டித்தான் விடுவேன்." "மாத்திரை?" "காலைல மூணு, ராத்திரி மூணு. சாப்பிட்ட அரை மணிக்குள்ள குடுக்கணும். பதினாலு நாள் குடுத்து ஏழு நாள் நிறுத்தணும். நான்தான் கணக்கு வெச்சுக் குடுத்தேன்." "வெளியாட்கள் யாராவது வந்து அவரைத் தனியாகப் பார்த்ததுண்டா?" "கிருமி தொத்திக்கும், யாரையும் கிட்ட விடாதீங்கன்னு டாக்டர் சொல்லியிருந்தாங்க." ஒவ்வொரு பதிலும் வழக்குக் கட்டில் என் பக்கத்துக் கல்லாக ஏறிக்கொண்டே போனது.

ஏன் என்று சொல்கிறேன். ஒப்பந்தச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, வயதாலோ நோயாலோ மன உடல் துன்பத்தாலோ சிந்திக்கும் திறன் குன்றிய ஒருவரோடு ஒப்பந்தம் செய்பவர், அவர் விருப்பத்தை ஆட்டிவைக்கக்கூடிய இடத்தில் இருப்பவர் என்கிறது. அப்போது நடைமுறையில் இருந்த சாட்சியச் சட்டத்தின் 111ஆம் பிரிவு, அப்படி நம்பிக்கைக்குரிய இடத்தில் இருந்தவர்தான் தன் நேர்மையை மெய்ப்பிக்க வேண்டும் என்று சுமையை அவர் தலையில் வைத்தது. கிழவர்களை ஏமாற்றிச் சொத்தை எழுதி வாங்குபவர்கள் இந்த நாட்டில் குறைவில்லை, ஆகவே இந்த விதிகள் தேவையானவை. ஆனால் இவை வேலை செய்யும் விதத்தைப் பாருங்கள். திருப்பூரிலிருந்து பணம் அனுப்பிய மகன் எந்தச் சந்தேகத்துக்கும் உரியவர் அல்ல, ஏனென்றால் அவர் அங்கே இல்லை. மூன்று வாரத்துக்கு ஒருமுறை விடியற்காலை பஸ்ஸில் தாயைச் சாய்த்துக்கொண்டு நகரத்துக்குப் போய், இரண்டு மணி நேரம் மருந்து ஏறும்வரை நாற்காலியில் உட்கார்ந்திருந்து, ராத்திரி வந்து வெந்நீர் வைத்த மகளுக்கோ, செய்த ஒவ்வொரு பணிவிடையும் அவளுடைய 'ஆதிக்கத்துக்கு' ஆதாரம். எவ்வளவு நெருக்கமாகப் பார்த்துக்கொண்டாளோ அவ்வளவுக்குச் சுமை கூடியது. அன்று அதை நான் சட்டமாக மட்டுமே பார்த்தேன், நன்றாகவும் பயன்படுத்தினேன்.

2019இல் தீர்ப்பு வந்தது. ரேகை ஐயத்துக்குரியது, சூழ்நிலையும் ஐயத்துக்குரியது, மகள் தன் சுமையை இறக்கவில்லை. செட்டில்மெண்ட் செல்லாது, சொத்தில் மகனுக்குப் பாதி. என் வாதம் ஏறக்குறைய என் சொற்களிலேயே தீர்ப்பில் இருந்தது.

மகள் மாவட்ட நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்தார். வக்கீலை மாற்றியிருந்தார். வந்தவர் பயிற்சிக்கு வந்து நான்கைந்து வருடங்களே ஆன ஓர் இளம்பெண். என் தரப்பிலிருந்து நானே குறியீடு செய்த ஆவணம் ஒன்று உண்டு, வாதி தரப்புச் சான்றாவணம் 7. 2014 ஜூலைத் தொடக்கத்தில் மருத்துவமனை கொடுத்த சிகிச்சைச் சுருக்கம், ஒரே பக்கம், ஆங்கிலத்தில். அந்த அம்மாள் எவ்வளவு பலவீனமாக இருந்தார் என்று காட்டுவதற்காக அதைத் தாக்கல் செய்திருந்தேன். பசியின்மை, கடும் சோர்வு என்ற இரண்டு வரிகளுக்கும் அடியில் சிவப்புப் பென்சிலால் கோடு போட்டிருந்தேன். அந்த இரண்டு கோடுகளுக்கும் நடுவில் இருந்த வரியை நானும் வாசிக்கவில்லை, முதலில் ஆஜரான எதிர்த்தரப்பு வக்கீலும் வாசிக்கவில்லை, நீதிபதியும் வாசிக்கவில்லை. 'எச்.எஃப்.எஸ். கிரேடு 2. எட்டாவது சுற்று ஒரு வாரம் தள்ளிவைக்கப்படுகிறது.' அந்த இளம்பெண் செய்தது ஒன்றே ஒன்றுதான். அந்த மூன்று எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று, கையெழுத்துப் போட்டிருந்த மருத்துவரிடமே போய்க் கேட்டார்.

கை கால் நோய்க்குறி என்பதன் ஆங்கிலச் சுருக்கம் அது. அந்த அம்மாள் காலை மூன்று, இரவு மூன்று என்று சாப்பிட்ட மாத்திரையின் பெயர் கேபசிடபின். அந்த மாத்திரை அதைக் கொண்டுவரும்.

மருத்துவரைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமென்று அவர் மனுப் போட்டார். மேல்முறையீட்டில் புதிதாகச் சாட்சியம் சேர்ப்பது எளிதல்ல. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41ஆம் கட்டளை, 27ஆம் விதி அதற்கு வாசலைக் குறுகலாகவே வைத்திருக்கிறது. எவ்வளவு கவனமாக முயன்றும் விசாரணையின்போது இந்தச் சாட்சியம் தங்களுக்குத் தெரியவரவில்லை என்று கேட்பவர் காட்ட வேண்டும். நான் கடுமையாக எதிர்த்தேன். "தெரியவில்லை என்று எப்படிச் சொல்ல முடியும்? ஆவணம் முதல் நாளிலிருந்தே கட்டில் இருக்கிறது. நாங்களே குறியீடு செய்து, நகலும் கொடுத்திருக்கிறோம்" என்றேன். மாவட்ட நீதிபதி கண்ணாடியைக் கழற்றிவிட்டு நிதானமாகக் கேட்டார்: "அப்படியென்றால் அது உங்களுக்கும் தெரிந்திருக்க வேண்டும், இல்லையா?" அதே விதியில் இன்னொரு வழியும் உண்டு. தீர்ப்புச் சொல்ல இந்தச் சாட்சியம் தனக்கே தேவை என்று நீதிமன்றம் கருதினால் அனுமதிக்கலாம். அந்த வழியில் அனுமதித்தார்.

மருத்துவர் இரண்டு மணி நேரம் கூண்டில் இருந்தார். எனக்குப் பாடம் நடத்தியதுபோல் இருந்தது. அவர் சொன்னதை என் குறிப்பிலிருந்து தருகிறேன். ஃபுளோரோயுரேசில் என்ற மருந்து 1957இல் சார்லஸ் ஹைடெல்பெர்கர் என்ற அமெரிக்க விஞ்ஞானியின் ஆய்விலிருந்து வந்தது. வேகமாகப் பெருகும் செல்கள் தங்கள் மரபுப் பொருளைப் படியெடுக்க விடாமல் தடுப்பது அதன் வேலை. குடல், இரைப்பைப் புற்றுகளுக்கு இன்றும் அதுதான் அடிப்படை மருந்து. அதை நரம்பில் ஏற்ற வேண்டும். பல முறைகளில் சுமார் 46 மணி நேரம் சொட்டுச் சொட்டாகப் போக வேண்டும். கேபசிடபின் அதையே வாய்வழி கொடுக்கும் உபாயம். மாத்திரையாக உள்ளே போய், உடலுக்குள்ளேயே ஃபுளோரோயுரேசிலாக மாறும். அதோடு மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஆக்சாலிபிளாட்டின் என்ற பிளாட்டினம் சார்ந்த மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். தண்ணீரைத் தொட்டால் விரலில் மின்சாரம் அடிப்பதுபோல் இருந்தது இந்த இரண்டாவது மருந்தால். உள்ளங்கை உள்ளங்கால் சிவந்து, எரிந்து, தோல் உரிந்து, வெடிப்பது கேபசிடபினால். "நம்மைப் போன்ற நிறமுள்ளவர்களுக்குச் சிவப்பதைவிடக் கறுப்பதுதான் முதலில் தெரியும்" என்று அவர் சொன்னபோது நான் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரேகை அழியுமா என்று அந்த இளம் வழக்கறிஞர் கேட்டார். அழியும் என்றார். இதே மாத்திரையை மூன்று ஆண்டுகளுக்கு மேல் சாப்பிட்டுவந்த சிங்கப்பூர்க்காரர் ஒருவர், 62 வயது, 2008 டிசம்பரில் அமெரிக்காவுக்குப் போனபோது விமான நிலையத்தில் ரேகை பதியாததால் நான்கு மணி நேரம் நிறுத்திவைக்கப்பட்டார்; அவருடைய மருத்துவர்கள் 2009இல் ஒரு புற்றுநோய் ஆய்விதழில் கடிதமாக எழுதினார்கள். நெதர்லாந்தில் நோயாளிகளின் ரேகைகளைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் எடுத்துப் பார்த்த ஆய்வு 2017இல் வெளிவந்தது. எல்லாருக்கும் அழிவதில்லை, சிலருக்கு அழிகிறது. மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் திரும்பி வந்துவிடுகிறது.

திரும்பி வந்துவிடுகிறது. என் வாதத்தின் நடுத்தூண் அதோடு போயிற்று. பத்திரம் பதிவானது எட்டாவது சுற்றின் ஐந்தாம் நாள். அக்டோபரில் எடுத்த ஸ்கேனில் கல்லீரலில் கட்டி வளர்ந்திருந்ததால் மாத்திரையை நிறுத்தி, நவம்பரிலிருந்து இரினோடெக்கன் என்ற வேறு மருந்தை நரம்பில் ஏற்றத் தொடங்கியிருக்கிறார்கள். நான் வரவழைத்த அந்தச் சம்மதக் கடிதம் ஜனவரியில். இரண்டு மாதத்துக்கு மேல் மாத்திரை இல்லை, தோல் ஆறிவிட்டது, ரேகை வந்துவிட்டது. முன்னும் பின்னும் இருந்தது நடுவில் எப்படிக் காணாமல் போகும் என்று நான் கேட்டேன் அல்லவா? அப்படித்தான் போகும். மகள் மணிக்கட்டைப் பிடித்திருந்ததும், முடியில் தேய்க்க விடாமல் முந்தானையால் ஒத்தி எடுத்ததும் தோல் வெடித்த விரலில் மை பட்டால் எரியும் என்பதற்காக. அவள் அதைச் சொல்லியிருப்பாள். நான் கேட்கவில்லை, அவளுடைய வக்கீலுக்கும் கேட்கத் தோன்றவில்லை.

மனநிலை பற்றி நான்தான் குறுக்கே கேட்டேன். மருத்துவர், தன் குறிப்பேட்டைப் புரட்டி, பத்திரம் பதிவானதற்கு நான்கு நாள் முந்தைய பக்கத்தை வாசித்தார். இந்த மருந்து நோயைப் போக்குமா, இழுத்துப் பிடிக்குமா என்று நோயாளி கேட்டிருக்கிறார். இந்த நிலையில் சிகிச்சை எடுக்காவிட்டால் பொதுவாக ஆறு மாதம் என்றும், எடுத்தால் பலருக்கு இரண்டு ஆண்டு அளவுக்கு நீள்கிறது என்றும் அவர் ஒளிக்காமல் சொல்லியிருக்கிறார். "அப்ப ஆகவேண்டியதை இப்பவே பாத்துக்கணும்" என்று அந்த அம்மாள் சொன்னதாக ஒரு வரி. மேற்கொண்டு நான் எதுவும் கேட்கவில்லை.

2022இல் மேல்முறையீடு ஏற்கப்பட்டது. செட்டில்மெண்ட் செல்லும். அதற்குள் நான் முன்பு சொன்ன இடைக்காலத் தடை ஆறு வருடங்கள் ஓடியிருந்தது. முதல்வர் காப்பீட்டு அட்டை மருத்துவமனைச் செலவைப் பெருமளவு ஏற்றது. பஸ், சாப்பாடு, வாடகை ஆட்டோ, தையல் நின்ற நாட்களுக்கான கூலி இவற்றை எந்த அட்டையும் ஏற்காது. அதற்கெல்லாம் மகள் வட்டிக்கு வாங்கியிருந்தார். தோப்பை அடமானம் வைத்து ஒரே தவணையில் அடைத்திருக்கலாம். தடை இருந்ததால் வைக்க முடியவில்லை. வட்டி வளர்ந்தது, கழுத்திலிருந்தது போயிற்று, தையல் மிஷினும் போயிற்று. இதெல்லாம் மேல்முறையீட்டில் அவர் தாக்கல் செய்த ஓர் உறுதிமொழிப் பத்திரத்தில் இரண்டு பத்திகளாக வருகிறது. சொத்து கெடாமல் இருக்கட்டும் என்பதற்காகக் கொடுக்கப்படும் உத்தரவு அது. சொத்து கெடவில்லைதான்.

இப்போது யாராவது நோயாளி பத்திரம் எழுதவேண்டும் என்று வந்தால், என்ன மாத்திரை சாப்பிடுகிறார் என்று கேட்காமல் நான் வரைவில் கை வைப்பதில்லை. கேபசிடபின் என்றால் மருத்துவரிடம் ஒரு கடிதம் வாங்கி இணைக்கிறேன். ரேகை மங்கியிருப்பதன் காரணத்தைப் பத்திரத்திலேயே ஒரு வாக்கியமாக எழுதுகிறேன். பத்து விரலையும் வைக்கச் சொல்கிறேன். நடமாட முடியாதவர் என்றால் சார்பதிவாளரை வீட்டுக்கே வரச்சொல்லப் பதிவுச் சட்டத்தில் இடமிருக்கிறது. அதற்கு மனுப் போடுகிறேன். ரேஷன் கடையிலும் ஓய்வூதியச் சான்றிலும் விரலைக் கேட்கும் இந்தக் காலத்தில், இந்த மாத்திரை சாப்பிடுகிற எத்தனை பேர் இயந்திரத்தின் முன் திரும்பத் திரும்ப விரலைத் துடைத்துக்கொண்டு நிற்கிறார்களோ என்று அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

தீர்ப்பு நகலை வாங்க என் கட்சிக்காரர் திருப்பூரிலிருந்து வந்தார். இரண்டாம் மேல்முறையீட்டுக்கு முக்கியமான சட்டக் கேள்வி ஏதாவது இருக்க வேண்டும், இதில் அப்படி எதுவும் இல்லை என்று விளக்கத் தொடங்கினேன். அவர் அதைக் காதில் வாங்கவில்லை. "அப்ப எங்கம்மாதான் வெச்சிருக்காங்க, இல்லையா சார்?" என்றார். கட்டைப் பிரித்து ஏழாவது ஆவணத்தை எடுத்து, என் சிவப்புக் கோடுகளுக்கு நடுவில் இருந்த அந்த வரியைத் தமிழில் சொன்னேன். வெகுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "போன் பண்ணும்போதெல்லாம் கை எரியுது, கை எரியுதும்பாங்க. தேங்காயெண்ணெய் தடவுங்கம்மான்னு சொல்லிட்டு வெச்சிருவேன்" என்றார்.

தீர்ப்பு நகலை மேசைமேலேயே விட்டுவிட்டார். அந்த ஏழாவது ஆவணத்தை மட்டும் ஒரு ஜெராக்ஸ் எடுத்துத் தரமுடியுமா என்று என் குமாஸ்தாவிடம் கேட்டுக்கொண்டிருந்தார்.